ஷீட்டின் கோடுகள் ஏன் தெரிகின்றன? மொசைக் டைல்ஸ் பற்றி வாசகர் கேள்வி-பதில்

சொந்தக் கையால் குளியலறையைப் புதுப்பிக்கத் துணிந்த வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில், மொசைக் டைல்ஸ் பற்றிய மனக்குறைகளே மிகுதியாக இருக்கின்றன. சிறு சில்லுகளை வலையிலோ காகிதத்திலோ ஒட்டி, ஏறத்தாழ ஓர் அடிச் சதுர ஷீட்டுகளாக விற்கிறார்களே, அந்த வகையைத்தான் அனைவரும் குறிப்பிடுகிறார்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கிச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஐயா, குளியலறைச் சுவரில் மொசைக் ஷீட்டுகளை நானே ஒட்டினேன். ஒட்டும்போது எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. மறுநாள் விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு ஷீட்டின் எல்லையும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. சுவரும் அலை அலையாக இருக்கிறது. இடுக்குகளை அடைக்கும் கிரௌட் பூச்சை இன்னும் போடவில்லை. என் கைவேலைதான் மோசமா? இதைச் சரிசெய்ய வழியுண்டா?

பதில்: கையை மட்டும் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. அவற்றில் ஒன்று, முதல் ஷீட்டை எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

முதலில் அலையைப் பார்ப்போம். பெரிய டைல் விறைப்பானது. சுவரில் சிறு பள்ளமோ மேடோ இருந்தாலும் அதன் மேல் பாலம்போல் நின்று மறைத்துவிடும். மொசைக் ஷீட் துணியைப் போல வளைவதால், சுவர் எப்படி இருக்கிறதோ அப்படியே படிந்து, ஒவ்வொரு மேட்டையும் வெளியே காட்டும். சிறு டைல்ஸுக்குச் சுவர் 3 மீட்டர் நீளத்தில் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மொசைக்குக்கு, குறிப்பாகப் பளபளப்பான கண்ணாடி மொசைக்குக்கு, அதில் பாதிதான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நீண்ட மட்டப்பலகையைச் சுவரில் நேராகவும் குறுக்காகவும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரியும் இடங்களைப் பென்சிலால் குறித்து, அவற்றைச் சமன் செய்யும் பூச்சால் நிரப்பிக் காயவிட்ட பிறகே ஒட்டத் தொடங்க வேண்டும். பள்ளத்தை ஒட்டும்போதே பசையால் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தால், தடிமனான பசை இறுகும்போது சுருங்கி, சில்லுகளை உள்ளே இழுத்துக்கொண்டு புதிய பள்ளத்தை உண்டாக்கிவிடும்.

கட்டம் தெரிவது வேறு கதை. 25 மில்லிமீட்டர் சில்லுகள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டப்பட்டிருந்தால், பக்கத்துக்கு 11 வீதம் ஒரு ஷீட்டில் 121 சில்லுகள் இருக்கும். இத்தகைய மொசைக்கில் ஒரு சதுர மீட்டருக்குள் ஓடும் இடுக்குகளின் மொத்த நீளம் சுமார் 74 மீட்டர். 300 மில்லிமீட்டர் சதுர டைல்ஸை அதே இடைவெளியில் ஒட்டினால் 7 மீட்டர்கூட வராது. ஆகவே மொசைக் வேலை என்பது பெருமளவுக்கு இடுக்குகளின் வேலைதான். ஷீட்டுக்குள் இருக்கும் இடைவெளி தொழிற்சாலையில் முடிவானது. ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் நாம் கண்ணால் அளந்து வைக்கிறோம். அது அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும், ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் கோடுகளிடையே கண் அதைத்தான் முதலில் பிடிக்கும். ஷீட்டைப் பிடித்துத் தூக்கும்போது வலை சற்று நீள்வதும், அட்டைப்பெட்டியில் மடங்கிக் கிடந்த ஷீட்டின் ஓரம் உள்ளே இழுத்துக்கொண்டிருப்பதும் இதற்குத் துணைசெய்கின்றன. வலை என்பது தூக்கிவைக்கும் வசதிக்காக மட்டுமே. நாம் ஒட்டுவது ஷீட்டை அல்ல, 121 சில்லுகளைத்தான் என்று எண்ணிக்கொண்டு வேலை செய்பவருக்குக் கட்டம் தெரிவதில்லை. ஷீட்டை வைத்தவுடன் ஓரச் சில்லுகளுக்குப் பின்னாலுள்ள வலையைக் கத்தியால் ஆங்காங்கே கீறிவிட்டு, அந்தச் சில்லுகளைத் தனித்தனியே நகர்த்தி இடைவெளியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பிறகு ரப்பர் முகம் கொண்ட மணியாசுக் கட்டையால், இரண்டு ஷீட்டுகள் சேருமிடத்தில் மெல்லத் தட்டி மேற்பரப்பைச் சமன் செய்ய வேண்டும். பசை இளகியிருக்கும் சில நிமிடங்களுக்குள் இதையெல்லாம் முடித்தாக வேண்டும் என்பதுதான் கடினம். அதனால் ஒரு ஷீட்டுக்கோ இரண்டு ஷீட்டுக்கோ தேவையான பசையை மட்டும் தடவுங்கள். சுவர் முழுக்கத் தடவிவிட்டு அவசரப்படாதீர்கள்.

இனி உங்கள் சுவர். கிரௌட் போடாதது நல்லதாயிற்று. மிகவும் கண்ணை உறுத்தும் எல்லைகளில் மட்டும், இருபுறமும் ஒரு வரிசை அல்லது இரண்டு வரிசைச் சில்லுகளைக் கவனமாகப் பெயர்த்து, பின்னாலுள்ள பழைய பசையைச் சுரண்டி, தனிச் சில்லுகளாக மறுபடி ஒட்டி, மிகுதியான இடைவெளியை அவற்றுக்குள் பங்கிடலாம். சுவரில் நீர்ப்புகாப் பூச்சு இருந்தால் உளியை ஆழமாகச் செலுத்தாதீர்கள். பூச்சு கிழிந்த இடத்தைத் திரும்பப் பூசாமல் ஒட்டினால், அழகுக்காகக் கசிவை விலைக்கு வாங்கியதாகிவிடும். மற்ற இடங்களில், சில்லுகளின் நிறத்தை ஒத்த கிரௌட்டைத் தேர்ந்தெடுத்தால் இடைவெளி வேறுபாடு பெரிதும் மங்கிவிடும். வெள்ளைச் சில்லுக்குக் கருப்புக் கிரௌட் என்று போனால் ஒவ்வொரு பிழைக்கும் அடிக்கோடு இட்டது போலாகும். அலைக்குக் கிரௌட்டால் மருந்தில்லை. ஆனால் சுவரை ஒட்டி மேலிருந்து சரிந்து விழும் விளக்கை மாற்றி, அறையின் நடுவிலிருந்து பரவலாக வரும் வெளிச்சத்தை அமைத்தால், சில்லுகளின் விளிம்பு நிழல்கள் மறைந்து சுவர் பாதி நேராகிவிட்டது போலத் தோன்றும்.

கேள்வி: ஷீட்டை அழுத்தினால் இடுக்குகள் வழியாகப் பசை பிதுங்கி வெளியே வருகிறது. அழுத்தாவிட்டால் சில்லுகள் ஒட்டுவதில்லை. துடைத்துத் துடைத்துச் சலித்துவிட்டேன். என்னதான் செய்வது?

பதில்: பசையைத் தடவும் பல் கரண்டியின் பற்கள் பெரிதாக இருக்கின்றன என்றே தோன்றுகிறது. பெரிய டைல்ஸுக்கான சதுரப் பற்கள் கொண்ட கரண்டி மொசைக்குக்கு ஆகாது. சுமார் 5 மில்லிமீட்டர் ஆழமுள்ள ‘வி’ வடிவப் பற்கள் கொண்ட கரண்டியால் ஒரே திசையில் பசையை இழுத்து அளவை ஒழுங்காக்கிக்கொண்டு, உடனே கரண்டியின் பல்லில்லாத பக்கத்தால் அந்த வரப்புகளை நீவித் தட்டையாக்குங்கள். பற்கள் பசையின் அளவைத் தீர்மானிக்கின்றன. தட்டைப் பக்கம் அதைச் சமமாகப் பரப்புகிறது. வரப்புகளை அப்படியே விட்டால், வரப்பின் மேல் உட்காரும் சில்லின் ஓரத்தில் பசை பிதுங்கும், இரண்டு வரப்புகளுக்கு நடுவே உட்காரும் சில்லுக்குப் பசையே கிடைக்காது. நீர் படும் இடங்களில் சில்லின் பின்புறத்தில் 95 விழுக்காடாவது பசை பற்றியிருக்க வேண்டும் என்பது தரநிலைகள் கேட்கும் அளவு; அவ்வப்போது ஒரு ஷீட்டைத் தூக்கிப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பசையின் பதமும் முக்கியம். பையில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்கி, 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி ஒருமுறை கிளறிய பிறகே எடுக்க வேண்டும். வாளியில் இறுகத் தொடங்கியதும் தண்ணீர் ஊற்றி இளக்குவது பலரிடம் உள்ள பழக்கம். அப்படிச் செய்த பசைக்கு வலு இராது, கொட்டிவிடுவதே நல்லது. சுவரில் தடவிய பசையை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டவில்லை என்றால் மேலே ஏடு கட்டிவிட்டது என்று பொருள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.

எப்படிச் செய்தாலும் கொஞ்சம் பிதுங்கத்தான் செய்யும். இடுக்கின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது கிரௌட்டுக்காகக் காலியாக இருந்தால் போதும். பசை சற்றே இறுகி, பாலாடைக்கட்டி போலிருக்கும் நேரத்தில் மரக்குச்சியாலோ பழைய பல்துலக்கியாலோ எடுத்தால் எளிதாக வந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் எங்கும் பரவும், மறுநாள் வரை விட்டால் கத்தி வேண்டியிருக்கும். கண்ணாடிச் சில்லுகளுக்கும் வெளிர்நிறக் கல்லுக்கும் வெள்ளைப் பசையையே வாங்குங்கள். சாம்பல் நிறப் பசை கண்ணாடிக்குப் பின்னால் கறையாகத் தெரியும்.

கேள்வி: வாளியில் கலந்தே வரும் பசையை வாங்கி வந்தேன். கலக்கும் வேலை மிச்சம் என்றார்கள். குளிக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. சிமெண்ட் பசை, நீருடன் வேதிவினை புரிந்து இறுகுவது. காற்று படாவிட்டாலும் கெட்டியாகும். தயார்நிலைப் பசைகளில் பெரும்பாலானவை நீர் ஆவியாவதால் மட்டுமே காய்பவை. பின்னால் நீர்ப்புகாப் பூச்சும் முன்னால் நீரை உறிஞ்சாத கண்ணாடியும் இருந்தால் அந்த நீர் போக வழியின்றி, வாரக்கணக்கில் பசை இளகியே இருக்கும். காய்ந்ததும்கூட, தொடர்ந்து நீர் பட்டால் மறுபடி இளகக்கூடும். கைகழுவும் தொட்டிக்கு மேலே, நீர் அதிகம் படாத சிறு பகுதியில் பீங்கான் சில்லுகள் ஒட்ட அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய மொசைக்கில் ஒருபுறம் காகிதம் ஒட்டியிருந்தது. காகிதப் பக்கம் சுவரில் படும்படி ஒட்டிவிட்டேன். இப்போது சில சில்லுகள் விரல் பட்டாலே கழன்று வருகின்றன. அந்தக் காகிதம் எதற்கு?

பதில்: காகிதம் ஒட்டப்பட்டிருப்பது சில்லின் முகத்தில், அது உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். உங்கள் சுவரில் பசை பற்றியிருப்பது காகிதத்தை மட்டுமே, அந்தக் காகிதமோ நீரில் கரையும் கோந்தால் ஒட்டப்பட்டது. கழன்றவை மட்டுமன்றி எல்லாச் சில்லுகளையும் எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. காகிதத்தை நனைத்தால் பெரும்பாலான சில்லுகள் சேதமின்றி வந்துவிடும் என்பது ஒரு சிறு ஆறுதல்.

இந்த முறை இன்று நேற்று வந்ததல்ல. சில்லுகளைப் பட்டறையிலேயே காகிதத்தில் தலைகீழாக ஒட்டி, கட்டடத்துக்குக் கொண்டுவந்து பதிக்கும் உத்தியை 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கலைஞர் ஜான்டொமெனிகோ ஃபக்கினா பெருமளவில் கையாண்டார். 1875இல் திறக்கப்பட்ட பாரிஸ் ஓபரா மாளிகையின் மொசைக் வேலைப்பாடுகள் அப்படிப் பதிக்கப்பட்டவையே. வலை ஒட்டிய ஷீட்டைவிட இதில் ஒரு மேன்மை உண்டு: சில்லின் பின்புறத்தில் வலையோ கோந்துக் கட்டியோ குறுக்கே இல்லாததால் பசை முழுமையாகப் பற்றுகிறது. கஷ்டம் என்னவென்றால், ஒட்டும்போது இடுக்குகள் கண்ணுக்குத் தெரியா. பசை சற்று இறுகியதும், பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடத்தில், காகிதத்தை ஈர ஸ்பாஞ்சால் நன்கு நனைத்து, அது ஊறி நிறம் மாறியதும் ஒரு மூலையிலிருந்து சுவரை ஒட்டினாற்போலவே கீழ்நோக்கி உரித்தெடுக்க வேண்டும். வெளிப்புறமாக இழுத்தால் சில்லுகளும் கூடவே வரும். உரித்த உடனே கோணலான சில்லுகளை நேராக்கிவிடலாம். முகத்தில் காகிதத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய ஷீட் என்றால் நனைத்துப் பயனில்லை. பசை நன்றாக இறுகிய பிறகே அதை உரிக்க வேண்டும்.

கேள்வி: கண்ணாடி மொசைக்கை வெட்டும்போது சில்லுகள் வலையிலிருந்து கழன்று பறக்கின்றன. பாதி உடைந்தும் போகின்றன.

பதில்: வலையை ஒட்டியிருக்கும் கோந்து நீரில் இளகுவதால், தண்ணீர் பாய்ச்சி வெட்டும் இயந்திரத்தில் சில்லுகள் கழல்வது இயல்பே. முதலில், வெட்டாமலே முடிக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். தொடக்கக் கோட்டை அரைச் சில்லு நகர்த்தினால், பல சமயங்களில் மூலையில் முழுச் சில்லே வந்து உட்கார்ந்துவிடும். அப்போது வலையைக் கத்தியால் வெட்டுவதோடு வேலை முடிந்தது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஷீட்டின் முகத்தில் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டி, அதை ஒரு பழைய டைலின் மேல் அசையாமல் பொருத்தி, கண்ணாடிக்கென்றே செய்யப்பட்ட டைமண்ட் பிளேடால் மெதுவாக வெட்டுங்கள். ஒன்றிரண்டு சில்லுகளுக்குச் சக்கர வாய் கொண்ட குறடு போதும். வெட்டிய விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மூலைப் பக்கம் திருப்பி வையுங்கள். கண்ணாடித் துணுக்கு கண்ணில் தெறிக்கும் என்பதால் காப்புக் கண்ணாடி இன்றி இந்த வேலையைத் தொடவே கூடாது. பீங்கான் சில்லுகளையும் உலர்ந்த நிலையில் வெட்டாதீர்கள். அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு.

கேள்வி: பெரிய சுவர் டைல்ஸின் நடுவே ஒரு பட்டையாக மொசைக் வைத்தேன். மொசைக் 4 மில்லிமீட்டர், டைல்ஸ் 8 மில்லிமீட்டர். பட்டை உள்ளே போய்விட்டது.

பதில்: அந்த வித்தியாசத்தை முதல் நாளே சுவரில் ஏற்றியிருக்க வேண்டும். பட்டை வரும் இடத்தில் பசையை மெல்லிய அடுக்காகப் பூசி, மட்டம் பார்த்து, முழுவதும் இறுகவிட்டு, மறுநாள் அதன் மேல் வழக்கம்போல் ஒட்ட வேண்டும். ஒரேயடியாகத் தடிமனான பசையில் ஒட்டினால் சில்லுகள் ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்கு அமிழும்.

கேள்வி: ஷவருக்குக் கீழே தரையில் மொசைக் பதிக்கப் போகிறேன். பழைய தரையில் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கும். பழைய டைல்ஸின் மேலேயே மொசைக்கை ஒட்டி, பசையால் வாட்டத்தை (தண்ணீர் ஓடும் சரிவை) சரிசெய்துவிடலாம் என்கிறார் நண்பர். இடுக்கெல்லாம் கிரௌட்டால் அடைபட்டால் தண்ணீர் உள்ளே போகாது அல்லவா?

பதில்: நண்பரின் யோசனையை ஏற்காதீர்கள். ஷவர் தரைக்கு மொசைக் மிகப் பொருத்தமானது என்பது உண்மை. நான்கு பக்கத்திலிருந்தும் வடிகாலை நோக்கிச் சரியும் தரையில், சிறு சில்லுகள் வளைந்து படிகின்றன. இடுக்குகள் மிகுந்திருப்பதால் கால் வழுக்குவதும் குறைகிறது. ஆனால் வாட்டத்தை உருவாக்குவது மொசைக்கோ பசையோ அல்ல. அடியிலுள்ள சிமெண்ட் கலவைத் தளம்தான். மீட்டருக்கு 20 மில்லிமீட்டர், அதாவது 2 விழுக்காடு வாட்டம் இருக்க வேண்டும். அது இல்லாத தரையின் மேல் எத்தனை அடுக்கு ஒட்டினாலும் தண்ணீர் அதே மூலையில்தான் நிற்கும்.

சிமெண்ட் கிரௌட் நீரை முழுமையாகத் தடுக்கும் என்பதும் பரவலான தவறான நம்பிக்கை. அது நுண்துளைகள் உடையது. ஒரு சதுர மீட்டரில் 74 மீட்டர் நீளத்துக்கு அத்தகைய கோடுகள் ஓடும்போது, நீர் அடியில் இறங்குவது உறுதி. கட்டடத்தைக் காப்பது டைல்ஸுக்கு அடியிலுள்ள நீர்ப்புகாப் படலம். பழைய தரைக்கு அடியில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று மேலிருந்து சொல்ல முடியாது என்பதால், ஷவர் பகுதியில் மட்டுமாவது பழையதைப் பெயர்த்துவிட்டு, வாட்டம் கொடுத்துத் தளம் போட்டு, நீர்ப்புகாப் பூச்சைத் தரையிலும் சுவரின் அடிப்பகுதியிலும் சேர்த்துப் பூசுங்கள். அது காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்துவைத்து, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்காமல், கீழ்த்தளத்தில் ஈரம் தெரியாமல் இருந்த பிறகே மொசைக் பெட்டியைத் திறக்க வேண்டும். இந்த ஒரு நாளைச் சேமிக்கப் போய்க் குளியலறை முழுவதையும் திரும்ப உடைப்பவர்கள் உண்டு.

இந்தத் தளம் போடும் வேலையை மட்டும் அனுபவமுள்ள கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு, ஒட்டும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. ஒட்டுவதில் நேரும் பிழை கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். தளத்தில் நேரும் பிழை வீட்டையே நனைக்கும்.

கேள்வி: பளிங்கு மொசைக்கில் கிரௌட் போட்டேன். இப்போது மேலே வெண்புகை போல் படிந்திருக்கிறது, கிரௌட்டின் நிறமும் திட்டுத்திட்டாக இருக்கிறது, சில கற்களின் ஓரம் கறுத்திருக்கிறது. அமிலம் கொண்டு கழுவலாமா?

பதில்: பளிங்கின் மேல் அமிலம் வேண்டவே வேண்டாம். பளிங்கு கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு பட்டாலே மெருகு அரிக்கும். வெண்புகை கிரௌட்டின் மெல்லிய படிவு. கல்லுக்கு ஏற்ற, அமிலத்தன்மை இல்லாத துப்புரவு நீர்மத்தையும் மென்மையான துணியையும் கொண்டு பொறுமையாகத் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும்.

நிறத் திட்டுகளுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். கலக்கும்போது கூடுதலாக ஊற்றியிருப்பீர்கள், அல்லது சொட்டச் சொட்ட நனைந்த ஸ்பாஞ்சால் துடைத்திருப்பீர்கள். மொசைக்கில் இடுக்குகள் மிகுதி என்பதால் ஸ்பாஞ்ச் அடிக்கடி கிரௌட்டின் மேலேயே போகிறது. நன்கு பிழிந்த ஸ்பாஞ்சால், மூலைவிட்டமாக, ஒரு பக்கத்தால் ஒரே ஒருமுறை இழுத்துவிட்டு அலச வேண்டும். ஓரம் கறுத்திருப்பது கல் நீரை உறிஞ்சியதாலானால் சில வாரங்களில் மங்கிவிடும், நிறமியையும் சேர்த்து உறிஞ்சியிருந்தால் மங்காது. கிரௌட்டுக்கு முன்பே கல்லின் மேல் காப்பு நீர்மத்தைத் தடவியிருந்தால் இது நேராது. மீதமுள்ள சுவருக்காவது, எஞ்சிய ஒரு ஷீட்டைப் பலகையில் ஒட்டி, காப்பு நீர்மம் முதல் கிரௌட் வரை எல்லாவற்றையும் அதில் பரிசோதித்துவிட்டுத் தொடங்குங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைவான இடுக்குகளுக்கு மணல் கலவாத கிரௌட்தான் ஏற்றது. மணல் கலந்தது மெருகேற்றிய பளிங்கைக் கீறிவிடும்.

கேள்வி: எல்லாம் முடிந்தது. ஆனால் இரண்டு சுவர்கள் சேரும் மூலையிலும், சுவர் தரையோடு சேருமிடத்திலும் கிரௌட் விரிசல் விட்டுவிட்டது. எப்போது குளிக்கத் தொடங்கலாம்?

பதில்: இரண்டு பரப்புகள் சேரும் மூலையில் கிரௌட் போட்டதே விரிசலுக்குக் காரணம். வெப்பத்தாலும் ஈரத்தாலும் இரண்டு பரப்புகளும் வெவ்வேறு அளவில் அசையும். அந்த அசைவைத் தாங்கும் நெகிழ்வு கிரௌட்டுக்கு இல்லை. மூலையிலுள்ள கிரௌட்டை முழுவதும் சுரண்டி எடுத்து, தூசி தட்டி, நன்கு உலரவிட்டு, அதே நிறத்தில் கிடைக்கும், ரப்பர் போல் நெகிழும் சிலிக்கான் அடைப்பானைச் செலுத்துங்கள். இருபுறமும் காகித ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டு, சிலிக்கானை விரலால் ஒரே இழுப்பில் நீவி, அது ஏடு கட்டும் முன்பே நாடாவை உரித்துவிட்டால் கோடு நேராக வரும். சிமெண்ட் கிரௌட் போட்ட ஷவரைக் குறைந்தது 3 நாட்களுக்கு நனைக்காதீர்கள். சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரௌட் என்றால் ஒரு வாரம் பொறுப்பது நல்லது. சிலிக்கான் எத்தனை மணி நேரத்தில் நீர்படலாம் என்பது குழலிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எஞ்சிய ஷீட்டுகளைத் தூக்கி எறியாமல், பெட்டியின் மேலுள்ள நிற எண்ணோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் ஒரு சில்லு உடைந்தால், அதே நிறத்தொகுப்பு கடையில் கிடைப்பது அரிது.